ஆலைக் கணினியில் ஒரு பைத்தான் ஃபங்ஷன்: தரவுத்தள மொழி நீட்சிகளைச் சோதிப்பது எப்படி

திருநெல்வேலிச் சீமையில் பிசான நெல் வரத்துத் தொடங்கிவிட்டால் ஆலை அலுவலகங்களில் ராத்திரி வரைக்கும் பதிவு ஓடும். சேரன்மகாதேவிப் பக்கத்து ஆலை ஒன்றில் கணக்குப் பார்க்கும் பெண் ஒருநாள் திரையைக் காட்டி, "அண்ணாச்சி, கோபாலசமுத்திரம் ரெண்டு வருது, எதுல போட?" என்று கேட்டார். ஊர்வாரியாக மூட்டைக் கணக்கு எடுத்தால் ஒரே ஊர் இரண்டு வரிகளாக நின்றது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இரண்டுக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசம் உள்ளே இருந்தது. 'கோ' என்பதை, கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ககரத்துக்குப் பின்னால் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். இல்லாவிட்டால் ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறிகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் விதத்தில் கோபாலசமுத்திரம் 15 குறிகள், இரண்டாவது விதத்தில் 16. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் என்பதால் ஒன்று 45 பைட், மற்றது 48 பைட். தரவுத்தளம் பைட்டைத்தான் பார்க்கிறது. இரண்டும் வேறு ஊர் என்று முடிவு கட்டிவிட்டது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றும்போது இப்படிப் பிரிந்த குறிகள் வந்து சேர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதை மட்டும் சரிசெய்யத் தனி மொழி எதுவும் தேவையில்லை. ஆலையில் இருந்தது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள். தரவுத்தளத்தோடு பேசும் வழக்கமான மொழி எஸ்கியூஎல். இரண்டு விதத்தையும் ஒன்றாக்கும் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் (கூப்பிட்டால் விடை தரும் சிறு நிரல்) 2020-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து அந்த எஸ்கியூஎல்லிலேயே இருக்கிறது. ஆனால் ஆலைப் பதிவேட்டில் அதோடு முடியவில்லை. அம்பாசமுத்திரத்தை ஒருவர் 'அம்பை' என்று எழுதியிருந்தார். கல்லிடைக்குறிச்சி 'கல்லிடை' ஆகியிருந்தது, சேரன்மகாதேவி 'சேர்மாதேவி' ஆகியிருந்தது, பாளையங்கோட்டை 'பாளை'யாக நின்றது. இத்தனையையும் ஒரே பெயரில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், பின்னொட்டு, நிறுத்தற்புள்ளி, கூடுதல் இடைவெளி எல்லாவற்றையும் கழிக்க வேண்டும் என்றால் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுவது எளிது. எழுத ஒரு மணி நேரம்தான் ஆனது. ஆனால் அந்த ஆலையின் கணினியில் அது சரியாக ஓடும் என்று நானே நம்புவதற்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் என்ன பார்க்க வேண்டியிருந்தது, ஏன் பார்க்க வேண்டியிருந்தது என்பதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல்லை மட்டும் புரிந்துகொள்ளும் தரவுத்தளம் அல்ல. 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்றே, பயன்படுத்துபவர் தாமே வகைகளையும் ஃபங்ஷன்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது. இன்றைக்குப் பிஎல்/பிஜிஎஸ்கியூஎல், பிஎல்/பெர்ல், பிஎல்/பைத்தான், பிஎல்/டிசிஎல் என்ற நான்கு மொழிகள் அதன் மூலப் பொதியோடேயே வருகின்றன. 2011-இல் வந்த 9.1 பதிப்பிலிருந்து 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்' என்று ஒரு வரி கொடுத்தால் மொழி ஒரு நீட்சியாக, அதாவது கூடுதல் பாகமாக, உள்ளே வந்துவிடும். முதல் மொழி முழுக்கப் போஸ்ட்கிரெஸுக்குச் சொந்தம். மற்ற மூன்றும் அப்படியல்ல. அவை வெளியே நிறுவப்பட்ட பெர்லையோ பைத்தானையோ டிசிஎல்லையோ கூப்பிட்டு, தரவுத்தளத்தை நடத்தும் சர்வர் நிரலுக்குள்ளேயே உட்கார வைக்கின்றன. சோதிப்பதில் வருகிற சிரமம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

லினக்ஸில் இந்தச் சேர்க்கையை விநியோகப் பொதிகளே பார்த்துக்கொள்ளும். சர்வருக்கு எந்தப் பைத்தான் பொருந்துமோ அதுவே கூட வரும். விண்டோஸில் அது நம் பொறுப்பு. ஆனாலும் விண்டோஸை விட்டுவிட முடியாது. நான் போய்வரும் ஆலைகளிலும் உரக்கடைகளிலும் சர்வருக்கென்று தனி அறையோ தனிப் பெட்டியோ இல்லை. கல்லாவுக்குப் பக்கத்து மேஜையில் பில் போடுகிற அதே கணினிதான் சர்வர். 2005 ஜனவரியில் வந்த 8.0 பதிப்பில் போஸ்ட்கிரெஸ் நேரடியாக விண்டோஸில் ஓடத் தொடங்கியது முதல் இப்படி வைத்துக்கொள்ளச் சிறு நிறுவனங்களுக்கு வழி கிடைத்தது. அதனால் என் மடிக்கணினியின் லினக்ஸில் சோதித்துவிட்டு 'ஓடுகிறது' என்று சொல்வது அந்த ஆலைக்கு நான் கொடுக்கும் வாக்கு ஆகாது.

முதல் தடை நீட்சியை ஏற்றும்போதே வரும். கட்டளை கொடுத்தால், பிஎல்பைத்தான்3 என்ற டிஎல்எல் கோப்பை (நிரல்கள் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் நூலகக் கோப்பை) ஏற்ற முடியவில்லை, குறிப்பிட்ட மாட்யூலைக் காணவில்லை என்று செய்தி வரும். போஸ்ட்கிரெஸின் லிப் கோப்புறையைத் திறந்து பார்த்தால் அந்தக் கோப்பு அங்கேயே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில் போஸ்ட்கிரெஸையே கழற்றிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். காணாமல் போனது செய்தியில் பெயர் வந்த கோப்பு அல்ல. அந்தக் கோப்பு தேடிப் போகும் இன்னொரு கோப்பு. சர்வரைக் கட்டியவர்கள், அதாவது மூல நிரலை ஓடும் நிரலாக ஆக்கியவர்கள், பைத்தான் 3.11-ஐ வைத்துக் கட்டியிருந்தால், பைத்தான்311 என்று பெயருள்ள டிஎல்எல்தான் வேண்டும். கணினியில் 3.12 இருந்தால் இருப்பது பைத்தான்312. பெயரில் ஓர் எண் தவறினாலும் விண்டோஸுக்கு அது இல்லாத கோப்புதான். பெர்லுக்கும் இதே கதை. அதன் டிஎல்எல் பெயரிலும் பதிப்பு எண் ஒட்டியிருக்கும். ஆகவே எந்தப் பதிப்பை வைத்துக் கட்டினார்கள் என்பதை நிறுவலோடு வரும் குறிப்புக் கோப்பில் முதலில் பார்த்துவிட வேண்டும். சர்வர் 64 பிட், பைத்தான் 32 பிட் என்று இருந்தாலும் ஏறாது.

சரி, பதிப்புப் பொருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, அந்த டிஎல்எல்லைத் தேடுவது யார்? கட்டளைத் திரையில் நான் தட்டச்சு செய்யலாம். ஆனால் ஃபங்ஷனை ஓட்டுவது நான் அல்ல, பின்னால் சர்வீஸாக, அதாவது விண்டோஸ் தானே ஓட்டும் பின்னணி நிரலாக ஓடும் போஸ்ட்கிரெஸ். வழக்கமான விண்டோஸ் நிறுவலில் அந்தச் சர்வீஸ் 'நெட்வொர்க் சர்வீஸ்' என்ற தனிக் கணக்கின் பெயரில் ஓடுகிறது. அந்தச் சேரன்மகாதேவி ஆலையில் எனக்கு முன்னால் வந்த ஒருவர் பைத்தானைத் 'எனக்கு மட்டும்' என்ற முறையில் நிறுவியிருந்தார். அப்படி நிறுவினால் அது அந்தப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் போய் உட்காரும், பாத் என்ற தேடல் வரிசையிலும் அந்தப் பயனருக்கு மட்டுமே சேரும். கட்டளைத் திரையில் பைத்தான் அருமையாக வந்தது. சர்வீஸின் கண்ணுக்கு அது இல்லவே இல்லை. எல்லாப் பயனருக்கும் பொதுவாக மறுபடி நிறுவி, கணினியின் பொதுப் பாத்தில் சேர்த்த பிறகும் பழைய செய்தியே வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ், தான் தொடங்கிய நேரத்துச் சூழலைத்தான் கையில் வைத்திருக்கும். கணினியையே அணைத்துப் போட்ட பிறகுதான் ஏறியது.

இதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சோதனையில் ஒரு படி கணினியை மறுதொடக்கம் செய்வது. நம் ஊரில் கரண்ட் போய் வருவது புதிதல்ல. இன்று மாலை மாற்றிய அமைப்பு நாளைக் காலை கணினி எழும்போதும் நிற்குமா என்பதை நான் அங்கே இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

ஏறியதும் முதலில் ஓட்டுவது மிகச் சின்ன ஒன்று. 2010-இல் வந்த 9.0 முதல் 'டூ' என்ற கட்டளைக்குள் பெயரில்லாத துண்டு நிரலை ஓட்டலாம். அதற்குள் பைத்தானின் பதிப்பையும், அது எந்தக் கோப்புறையிலிருந்து வந்தது என்பதையும், சர்வீஸ் பார்க்கும் பாத் என்ன என்பதையும் நோட்டீஸாக அச்சிடச் சொல்லுவேன். மூன்றே வரிதான். வெளியே கட்டளைத் திரையில் கிடைக்கும் பதிலும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பைத்தான்ஹோம் என்ற சூழல் மாறி தவறான இடத்தைக் காட்டினால் பைத்தான் தன் அடிப்படை நூலகங்களையே கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடும். சர்வரோடு இருந்த இணைப்பே அறுந்துபோகும். அப்போது காரணம் திரையில் வராது, டேட்டா கோப்புறைக்குள் இருக்கும் லாக் என்ற பதிவுக் கோப்பில்தான் தேட வேண்டும்.

வெளி மாட்யூல்களுக்கும், அதாவது பைத்தானோடு வராத கூடுதல் நிரல் தொகுப்புகளுக்கும், இந்தப் பயனர் கணக்கு விவகாரம் உண்டு. பைத்தானின் நிறுவல் கருவியான பிப் கொண்டு ஒரு மாட்யூலை நிறுவும்போது பொதுக் கோப்புறையில் எழுத அனுமதி இல்லையென்றால் பிப் தானாகவே பயனரின் சொந்த இடத்தில் போட்டுவிடும். நிறுவல் வெற்றி என்றே செய்தி வரும், கட்டளைத் திரையிலும் ஓடும். தரவுத்தளத்துக்குள் போனால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்று பிழை. அதேபோல 'இசட் டிரைவ்' என்று எழுத்துக் கொடுத்து இணைத்த பக்கத்து அறைக் கணினியின் கோப்புறையும் சர்வீஸுக்குத் தெரியாது. அந்த எழுத்து, உள்நுழைந்த பயனருக்கு மட்டும் உரியது.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். பிஎல்/பைத்தான் 'நம்பகமற்ற' மொழி என்று வகைப்படுத்தப்பட்டது. அது கெட்ட மொழி என்று பொருளில்லை. கோப்பைத் திறப்பது, நெட்வொர்க்கில் போவது போன்றவற்றைத் தடுத்து வைக்க அதில் வழியில்லை, அதனால் எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் மட்டும்தான் அதில் ஃபங்ஷன் எழுத முடியும். பெர்லுக்கும் டிசிஎல்லுக்கும் கட்டுப்பாடுள்ள வடிவம் ஒன்று, கட்டுப்பாடில்லாத வடிவம் ஒன்று என இரண்டும் உண்டு. சோதனையை எப்போதும் சூப்பர்யூசராகவே நடத்திவிட்டுப் போனால், மறுநாள் பதிவு செய்யும் சாதாரணப் பயனருக்கு அனுமதி மறுக்கப்படலாம். அவர் பெயரில் நுழைந்து ஒருமுறை ஓட்டிப் பார்க்காத சோதனை அரைச் சோதனைதான்.

மொழி ஏறி, ஃபங்ஷன் ஓடி, பதிலும் வந்துவிட்டால் பலரும் நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியமாகப் படுகிறது. எஸ்கியூஎல்லின் மதிப்புகள் வேறொரு மொழிக்குள் போகும்போது உருமாறுகின்றன. விவசாயிக்குப் பணம் கொடுத்தாயிற்றா என்பதை ஆம், இல்லை என்ற பூலியன் வகையில் வைத்திருக்கிறோம். அந்த மதிப்பைப் பிஎல்/பெர்ல் ஃபங்ஷனுக்கு அனுப்பினால் அது 'டி' அல்லது 'எஃப்' என்ற எழுத்தாகப் போய்ச் சேரும். பெர்லுக்கு வெற்றுச் சரம், சுழி, மதிப்பே இல்லாதது ஆகியவைதான் பொய். 'எஃப்' என்ற எழுத்து மெய். அதாவது, பணம் கொடுக்கவில்லை என்று பதிந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கொடுத்தாயிற்று என்று பதில் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. போஸ்ட்கிரெஸ் 13-இல் இதற்கென்றே பூல்_பிஎல்பெர்ல் என்ற துணை நீட்சி வந்தது. ஆனால் அதை நிறுவி, ஃபங்ஷன் எழுதும்போது அதைப் பயன்படுத்தும்படி குறிப்பிட்டால்தான் பலன். 40 கிலோ மூட்டையைச் சுமந்து வந்து போட்டவரின் பணம் இது. இந்த ஒரு சோதனையை நான் ஒருநாளும் தவிர்ப்பதில்லை.

எண்களுக்கும் இதே கவனம் வேண்டும். நியூமெரிக் வகை பைத்தானுக்குள் டெசிமலாகப் போகிறது, ஒரு பைசாவும் நகராது. பெர்லுக்குள் அது எழுத்துச் சரமாகப் போய், கூட்டும்போது மிதவைப் புள்ளி எண்ணாகிவிடும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி அச்சிட்டால் பெர்ல் 0.3 என்றே காட்டும், 0.3-க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் எஸ்கியூஎல்லின் 'நல்', பைத்தானில் 'நன்' ஆகவும் பெர்லில் 'அன்டெஃப்' ஆகவும் வருகிறது. டிசிஎல்லில் வெற்றுச் சரமாக வரும். வெற்றா, இல்லாததா என்று தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழுக்கு வருவோம். முதலில் தரவுத்தளத்தின் குறியாக்கம் யூடிஎஃப்-8 தானா என்று பார்ப்பது அவசியம். விண்டோஸில் இனிட்டிபி என்ற கருவியைக் கையால் ஓட்டித் தரவுத்தளத்தை உருவாக்கினால், குறியாக்கம் சொல்லாவிட்டால் கணினியின் மொழி அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆங்கில அமைப்பு என்றால் அது மேற்கத்திய எழுத்துகளுக்கான விண்1252 ஆகிவிடும், அதில் தமிழ் ஓர் எழுத்தும் ஏறாது. போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை கொடுக்கும் பிஎஸ்கியூஎல் கருவியின் கறுப்புத் திரையும் தன் பங்குக்குப் பழைய 437 குறிப்பக்கத்தில் (எழுத்து அட்டவணையில்) நிற்கும். அதை யூடிஎஃப்-8-க்கான 65001-க்கு மாற்றிக்கொள்ளலாம். நான் சோதனை வரிகளைத் திரையில் தட்டச்சு செய்யாமல், யூடிஎஃப்-8 கோப்பில் எழுதி வைத்து அதையே ஓட்டுகிறேன். தட்டச்சில் நுழையும் குழப்பம் அதோடு போகும்.

இப்போது 'திருநெல்வேலி' என்ற சொல்லையே சோதனைக்கு எடுப்போம். நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் 12 குறி, 36 பைட். நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டாலும் பெர்லிடம் கேட்டாலும் 12 என்று வரும். பெர்லின் தேடல் முறையில் பின்சாய்கோட்டுடன் பெரிய எக்ஸ் போட்டு எண்ணினால் ஆறு கிடைக்கும். பைத்தானின் உள்ளமைந்த தேடல் மாட்யூலில் அந்த வசதி இல்லை, வெளியிலிருந்து ரீஜெக்ஸ் என்ற மாட்யூலை நிறுவ வேண்டும். இன்னும் மோசமானது பின்சாய்கோட்டுடன் சின்ன டபிள்யூ போடும் 'சொல் எழுத்து' என்ற தேடல் குறி. அதைப் போட்டுப் பெர்லில் தேடினால் திருநெல்வேலி முழுசாகக் கிடைக்கும். பைத்தானின் உள்ளமைந்த மாட்யூலில் அதே குறி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. த, ர, ந, ல, வ, ல என்று ஆறு துண்டு வரும். ஊர்ப் பெயரைச் சுத்தம் செய்ய நான் முதலில் எழுதிய ஃபங்ஷனில் இந்தக் குறிதான் இருந்தது. ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்திருந்தால் எல்லாம் சரி என்று வந்திருக்கும். தமிழில் கொடுத்ததால் முதல் வரியிலேயே பிடிபட்டது.

வரிசைப்படுத்துவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாறாந்தை, மானூர் இரண்டில் எது முன்னால்? நம் நெடுங்கணக்கில் றகரத்துக்குப் பிறகுதான் னகரம். ஆகவே மாறாந்தை முதலில். யூனிகோடு அட்டவணையிலோ னகரம் நகரத்துக்கு அடுத்து வந்துவிடுகிறது. பைத்தானுக்குள் வரிசைப்படுத்தினால் மானூர் முதலில் வரும், எஸ்கியூஎல்லில் ஐசியூ என்ற மொழி நூலகத்தில் தமிழுக்கென்று உள்ள வரிசை முறையைக் குறிப்பிட்டுக் கேட்டால் மாறாந்தை முதலில் வரும். இரண்டு அறிக்கைகளில் இரண்டு வரிசை என்றால் ஆலையில் யாரும் எதையும் நம்பமாட்டார்கள். வரிசைப்படுத்தும் வேலையை மொழி நீட்சியிடம் விடாமல் எஸ்கியூஎல்லிடமே வைத்துக்கொண்டேன்.

இத்தனையையும் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்க முடியாது. போஸ்ட்கிரெஸைக் கட்டுபவர்களே பயன்படுத்தும் வழி எளிமையானது. ஒரு கோப்பில் கேள்விகள், இன்னொரு கோப்பில் வர வேண்டிய விடைகள்; ஓட்டி வந்ததை விடைக் கோப்போடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பிஜி_ரெக்ரெஸ் என்ற அவர்களுடைய கருவி செய்வது அதுதான். மூலத்திலிருந்து கட்டுபவர்களுக்கு அது நல்லது, ஆனால் விண்டோஸில் கோப்புகளை ஒப்பிடும் டிஃப் கருவியைத் தனியாகக் கொண்டுவர வேண்டும். ஆலைக் கணினிக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. பிஎஸ்கியூஎல் கொண்டு சோதனைக் கோப்பை ஓட்டி, விடையையும் பிழைச் செய்திகளையும் சேர்த்தே ஒரு கோப்புக்குத் திருப்பி, விண்டோஸில் உள்ள எஃப்சி கட்டளையால் ஒப்பிடுகிறேன். நோட்டீஸ்கள் பிழை வழியில்தான் வெளியே வரும். அதையும் திருப்ப மறந்தால் பாதி விடை காணாமல் போகும். செய்திகளின் மொழி அமைப்பைச் 'சி' என்று நிறுத்திக்கொண்டால் கணினிக்குக் கணினி வாசகம் மாறாது.

ஒரே இணைப்பில் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு நிறுத்தக் கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பிஎல்/பைத்தானில் ஜிடி என்று ஒரு பொது அகராதி உண்டு. அந்த இணைப்பு இருக்கும்வரை அதில் வைத்தது இருக்கும். ஊர்ப் பட்டியலை ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டாமே என்று அதில் வைத்திருந்தேன். சோதனையில் வேகமாக ஓடியது. ஆலையிலோ காலையில் திறந்த மென்பொருள் சாயங்காலம் வரை அதே இணைப்பில் இருக்கும். மத்தியானம் பட்டியலில் ஒரு புது ஊரைச் சேர்த்தால் அது ஃபங்ஷனுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு இணைப்புகளைத் திறந்து, ஒன்றில் ஊரைச் சேர்த்து மற்றதில் கேட்கும் சோதனையை அப்புறம்தான் எழுதினேன்.

இதையெல்லாம் வேலை நேரத்தில் ஆலைக் கணினியில் செய்வதில்லை. மொழி நீட்சி சர்வர் நிரலுக்குள்ளேயே ஓடுவதால், ஓர் இணைப்பில் அது நொறுங்கினால் போஸ்ட்கிரெஸ் பாதுகாப்புக்காக மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீண்டு எழும். வாசலில் வண்டி நிற்கும் நேரத்தில் அது நடக்கக் கூடாது. அதே விண்டோஸ் பதிப்பு, அதே போஸ்ட்கிரெஸ், அதே பைத்தான் எண் கொண்ட ஒரு கணினியை வீட்டில் வைத்து அங்கேதான் முதலில் ஓட்டினேன்.

ஆலையில் கடைசியாக ஓட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சோதனைக் கோப்பில் அப்போது 46 கேள்விகள். கணினியை அணைத்துப் போட்டு, கணக்குப் பார்க்கும் அந்தத் தங்கச்சியின் பயனர் பெயரிலேயே நுழைந்து, இரண்டு முறை ஓட்டினோம். எஃப்சி இரண்டு முறையும் வேறுபாடு இல்லை என்றது. பிறகு அவரே ஊர்வாரி அறிக்கையைத் திறந்து கீழே வரைக்கும் உருட்டிப் பார்த்தார். கோபாலசமுத்திரம் ஒரு வரியில் இருந்தது. அதற்கு நேரே இருந்த மூட்டை எண்ணிக்கையைப் பழைய இரண்டு வரிகளின் கூட்டலோடு காகிதத்தில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த ஊருக்குப் போனார்.